ஜன்னலில் நின்ற பெண்ணும் மேல்மாடத்து வாத்தியங்களும்
(தாமஸ் ஹார்டியின் ஒரு கிறிஸ்துமஸ் காதல் கதை)

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் கொல்கத்தாவுக்கு இரண்டு முகம் வந்துவிடுகிறது. லேக் மார்க்கெட் பக்கம் நம் வீட்டு வாசல்களில் மார்கழிக் கோலம். பார்க் ஸ்ட்ரீட்டில் 'பொடோதின்' விளக்குகள். நியூ மார்க்கெட்டில் கேக் வாங்க நிற்கும் வரிசையில் எல்லா மதத்துக்காரர்களும் உண்டு. நம்மவர்களும் உண்டு, 'முட்டை போடாதது இருக்கா?' என்று கேட்டுக்கொண்டு.

போன டிசம்பரில் என் பேத்தி ஒரு தடித்த புத்தகத்தில் மூழ்கிக் கிடந்தாள். அட்டையில் பனி மூடிய ஒரு சிறு கோயில், நீள அங்கி அணிந்த பெண், தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன். நான் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்ததும் அவளே முந்திக்கொண்டாள்: "கவலைப்படாதீங்க தாத்தா, இதுல கெட்ட விஷயம் ஒண்ணும் கிடையாது. இதுக்குப் பேரு ஸ்வீட் ரொமான்ஸ்."

நானும் ஒரு ராத்திரி உட்கார்ந்து அதைப் படித்தேன். சும்மா சொல்லக்கூடாது, படிக்கச் சுகமாகத்தான் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த வகைக்குப் பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. கனடாவின் ஜேனட் ஓக் 1979-இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நாவலைத்தான் இன்றைய கிறிஸ்தவக் காதல் நாவல் மரபின் முக்கியமான தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு இந்த மரபு எத்தனையோ கிளை விட்டுவிட்டது. அதில் கிறிஸ்துமஸ் கதை ஒரு தனிக் கிளை.

இந்தக் கதைகளுக்கு ஒரு சட்டதிட்டம் உண்டு. காலம் பழையதாக இருக்க வேண்டும். குளிர் வேண்டும், கோயில் வேண்டும், பாட்டு வேண்டும். ஊருக்குப் புதிதாக ஒரு பெண் வர வேண்டும். பெரும்பாலும் பள்ளிக்கூட ஆசிரியை. அவளை விரும்புகிறவர்களில் ஒருவன் எளியவன், இன்னொருவன் வசதியானவன். அப்பா முதலில் முறைத்துப் பிறகு இறங்கி வர வேண்டும். கை பட்டால் போதும், அதற்கு மேல் ஒன்றும் கூடாது. மனசில் ஒரு ரகசியம் இருந்தால் கல்யாணத்துக்கு முன் அதைச் சொல்லி மன்னிப்புப் பெற்றுவிட வேண்டும். கடைசியில் மணியோசை.

இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தபோது என் அலமாரியில் இருந்த ஒரு பழைய புத்தகம் நினைவுக்கு வந்தது. பல வருஷம் முன்பு காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் வாங்கியது. தாமஸ் ஹார்டி 1872-இல் வெளியிட்ட 'அண்டர் த கிரீன்வுட் ட்ரீ'. 'பசுமரத்தடியில்' என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன எல்லாமே இதில் இருக்கிறது, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதையும் காலமும்

ஹார்டி என்றதும் நம்மில் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் பெருமூச்சு விடுவார்கள். 'டெஸ்' (1891), 'ஜூட்' (1895) என்று மனசைப் பிசைகிற சோகக் கதைகளை எழுதியவர். ஆனால் 32 வயதில் அவர் வெளியிட்ட இந்த இரண்டாவது நாவல் வெயில் காய்வது போன்ற கதை. ஆசிரியர் பெயர் போடாமலேதான் முதலில் வந்தது. இதன் உரிமையை 30 பவுண்டுக்குப் பதிப்பாளரிடம் விற்றார். குளிர்காலம், வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று நான்கு பகுதி. கடைசியில் ஒரு முடிவுரைப் பகுதி.

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் தென்மேற்கில் டார்செட் மாவட்டத்துச் சிற்றூர். ஹார்டி அதற்கு 'மெல்ஸ்டாக்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது அவருடைய சொந்தத் திருச்சபை ஊரான ஸ்டின்ஸ்ஃபோர்டுதான். காலம், அவர் எழுதியதற்கு ஒரு தலைமுறை முந்தியது. எனவே இதைச் சரித்திரக் காதல் கதை என்று சொல்வதில் தப்பில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. காட்டுப் பாதையில் டிக் டூயி என்ற இளைஞன் நடந்து வருகிறான். அவன் அப்பா ரூபன், சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். தாத்தா வில்லியம், ஊர்க் கோயிலில் செலோ வாசிப்பவர். செருப்புத் தைக்கும் பென்னி, மைக்கேல் மெயில் இன்னும் சிலர் என்று எல்லாரும் ரூபன் வீட்டில் கூடி, ஆப்பிள் மது பீப்பாயைத் திறந்து, வயிற்றுக்கும் தொண்டைக்கும் தெம்பேற்றிக்கொண்டு, விளக்குகளோடு வீடு வீடாகப் பாடப் புறப்படுகிறார்கள்.

புறப்படும் முன்பு பென்னி தன் பையிலிருந்து ஒரு பெண்ணின் காலணியை எடுத்துக் காட்டுகிறார். புதிதாக வந்திருக்கும் பள்ளி ஆசிரியை ஃபேன்ஸி டேயினுடையது. அவள் அப்பாவின் கால் அச்சையும் பக்கத்தில் வைத்து, ரெண்டும் ஒரே வம்சத்துக் கால் என்று பென்னி விளக்குகிறார். கதாநாயகியைக் கதாநாயகன் முதலில் அறிவது இந்தச் செருப்பு வழியாகத்தான்! எத்தனை காவியங்களில் பாதாதிகேச வருணனை படித்திருக்கிறோம். இங்கே பாதத்தை வருணிக்கிற புலவர், செருப்புத் தைக்கிற கிழவர்.

நள்ளிரவுக்கு மேல் பள்ளிக்கூட வீட்டு வாசலில் நின்று பாடுகிறார்கள். சத்தமே இல்லை. மறுபடி பாடுகிறார்கள். அப்போதும் இல்லை. கடைசியில் தாத்தா வில்லியம் உரத்த குரலில் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறார். அதன் பிறகு மாடி ஜன்னலில் வெளிச்சம். மெழுகுவத்தியோடு, அவிழ்ந்த கூந்தலோடு ஃபேன்ஸி வந்து நின்று ஒரு நன்றி சொல்லி மறைகிறாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துக் கோஷ்டியில் டிக்கைக் காணோம். தேடிப் போனால், அந்த ஜன்னலைப் பார்த்தபடி மரத்தில் சாய்ந்து நிற்கிறான். ஆசாமி விழுந்துவிட்டான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது.

இந்தக் காட்சியைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மார்கழி விடியலில் தோழியர் கூடி ஒருத்தியின் வாசலில் நின்று எழுப்பும் பாவைப் பாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. அங்கேயும் குளிர், இருட்டு, கூட்டமாகப் பாடுதல், உள்ளே உறங்குகிற பெண், பதிலுக்காகக் காத்திருத்தல். ஆண்டாள் பாவையில் எழுப்பப்படுகிறவள் எழுப்புகிறவர்களோடு சேர்ந்து அடுத்த வீட்டுக்கு நடப்பாள். ஹார்டியின் கதையில் ஃபேன்ஸி ஜன்னலை மூடிக்கொள்கிறாள். கூட்டம் நகர்கிறது. ஒருவன் மட்டும் தங்கிவிடுகிறான். இனி வரப்போகிற எல்லாக் குழப்பத்துக்கும் விதை அங்கேதான் விழுந்தது: பாட்டுக் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் பிரிந்துவிட்டான்.

முதல், கரு, உரி

அகப்பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொல்காப்பியம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துத் தெய்வம், மரம், பறை, யாழ், தொழில் எல்லாம் கரு. காதலின் நிலை உரி. இந்த அளவுகோலை ஒரு ஆங்கில நாவலுக்குப் போடலாமா என்று கேட்கலாம். எல்லாக் கதைக்கும் போட முடியாது. இதற்குப் பொருந்துகிறது, ஏனென்றால் ஹார்டியும் காதலை நிலத்திலும் பருவத்திலும் வைத்துத்தான் பார்க்கிறார். நாவலின் முதல் பத்தியே, காட்டில் வாழ்கிறவர்களுக்கு ஒவ்வொரு மரமும் காற்றில் எழுப்பும் ஓசையால் தனித்தனியே தெரியும் என்றுதான் தொடங்குகிறது.

பேத்தி படித்த புத்தகத்தில் பனி இருந்தது, கோயில் இருந்தது. ஆனால் அந்தப் பனியை எடுத்துவிட்டு மழையைப் போட்டாலும் கதை மாறாது. கிறிஸ்துமஸ் அங்கே அலங்காரத் தோரணம். ஹார்டியிடம் அப்படி எடுத்துவிட முடியாது. ஊர்க்காரர்கள் ராத்திரியில் அவள் வாசலுக்கு வந்து நிற்க ஒரு வழக்கம் அனுமதி தருகிறது என்றால் அது கிறிஸ்துமஸ் மட்டுமே. மறுநாள் ராத்திரி ரூபன் வீட்டு விருந்தில் ஆட்டம் உண்டு. ஆனால் திருநாள் முடிந்து மணி பன்னிரண்டு அடிக்கும் வரை ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது என்று தாத்தா வில்லியம் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறார். இளசுகள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. பன்னிரண்டு அடித்ததும் பிடில் முழங்குகிறது. டிக் ஃபேன்ஸியின் கையைப் பிடிப்பது அதன் பிறகுதான்.

இந்தக் கதையை நான் கிறிஸ்தவக் கதை என்று சொல்வதும் இதை வைத்துத்தான். இதில் பிரசங்கம் இல்லை, மனமாற்றக் காட்சி இல்லை. சமயம் இங்கே நேரம் பார்ப்பதிலும், கம்பி முறுக்குவதிலும், வருஷா வருஷம் அதே பாட்டை அதே வாசலில் பாடுவதிலும் இருக்கிறது. ஹார்டி பின்னாளில் நம்பிக்கை இழந்தவர். ஆனாலும் 1915-இல், உலகப் போர் நடுவே, மாடுகள் கிறிஸ்துமஸ் இரவில் மண்டியிடும் என்ற கிராமத்து நம்பிக்கையை வைத்து 'தி ஆக்ஸன்' என்ற கவிதை எழுதினார். நம்பிக்கை போன பிறகும் அந்த வாசலை விட்டுப் போக மனசு வராத மனுஷர்.

மேல்மாடத்து மனிதர்கள்

இனி கருப்பொருளுக்கு வருவோம். இந்த நாவலுக்கு 'மெல்ஸ்டாக் பாடற்குழு' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஹார்டிக்கு அந்தப் பெயர்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

18-ஆம் நூற்றாண்டிலும் 19-இன் தொடக்கத்திலும் இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில்களில் பெரும்பாலும் ஆர்கன் கிடையாது. மேற்குப் பக்கத்து மேல்மாடத்தில் ஊர்க்காரர்களே வயலின், செலோ, சில இடங்களில் கிளாரினெட், புல்லாங்குழல் வைத்துக்கொண்டு வாசித்தார்கள். செருப்புத் தைப்பவர், கொத்தனார், வண்டிக்காரர், கூலிக்காரர். ஹார்டியின் தாத்தா ஸ்டின்ஸ்ஃபோர்டு கோயிலில் செலோ வாசித்தவர். அப்பா வயலின். ஹார்டியும் சின்ன வயசில் கல்யாண விருந்துகளில் பிடில் வாசித்தார். அந்தக் குழு கலைந்தது அவர் பிறந்த 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஆகவே அவர் எழுதியது தான் கண்டதை அல்ல. வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்ததை.

1896-இல் எழுதிய முன்னுரையில் அவர் சில அருமையான விவரங்களைத் தருகிறார். இந்தக் கலைஞர்களுக்கு வருஷ வருமானம் தலைக்குப் பத்து ஷில்லிங் தேறினால் பெரிசு. அது கம்பிக்கும், ரிப்பேருக்கும், வில்லுக்குத் தேய்க்கும் குங்கிலியத்துக்கும், இசைத் தாளுக்கும் சரியாய்ப் போய்விடும். பாட்டு நோட்டைக் கையால் எழுதினார்கள். முன்பக்கத்திலிருந்து கோயில் பாட்டு. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து ஆட்டப் பாட்டு, காதல் பாட்டு. இரண்டும் எழுதி எழுதி நடுவில் ஒரு பக்கத்தில் வந்து முட்டிக்கொள்ளும்.

நாவல் முழுவதற்கும் அந்த நோட்டை ஒரு உருவகமாகச் சொல்லலாம். ஒரு பக்கம் பக்தி, மறுபக்கம் காதல். கிறிஸ்துமஸ் இரவு என்பது இரண்டும் சந்திக்கும் நடுப்பக்கம். ஞாயிறன்று சங்கீதம் வாசித்த அதே வயலின்தான் நள்ளிரவு தாண்டியதும் ஆட்டத்துக்கு வாசிக்கிறது. வாசித்தவர்களுக்கு அதில் கூச்சமே இல்லை.

வந்தது ஆர்கன்

கிறிஸ்துமஸ் காலைப் பூசையிலேயே முதல் அபசுரம். ஃபேன்ஸியின் பள்ளிச் சிறுமிகள் கீழே உட்கார்ந்து, மேல்மாடத்தை மதிக்காமல், உரக்கப் பாடுகிறார்கள். மேலே இருந்தவர்களுக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. பாடுவது நம் வேலையாச்சே, இதென்ன புது வழக்கம் என்று பொருமுகிறார்கள்.

பிறகு விஷயம் வெளிவருகிறது. புது போதகர் மேபோல்ட், ஆர்கன் கொண்டுவர எண்ணுகிறார். வாசிக்கப் போவது ஃபேன்ஸி. இதற்குத் தூபம் போடுகிறவர் கோயில் நிர்வாகி ஷைனர் என்ற பணக்கார விவசாயி. அவருக்கு ஃபேன்ஸி மேல் ஒரு கண். போதகருக்கும் அப்படியே. ஆக, சீர்திருத்தம் என்ற பெயரில் நடப்பதற்குப் பின்னால் இரண்டு பேரின் மயக்கம் இருக்கிறது.

பாடற்குழு போதகர் வீட்டுக்குத் தூது போகும் அத்தியாயம் இந்நாவலின் உச்சம். சிரிப்பும் வலியும் ஒன்றாக வருகின்றன. பெரியவர்கள் சண்டை பிடிக்கவில்லை. போவதென்று ஆகிவிட்டால் போய்விடுகிறோம் என்கிறார்கள். அவர்கள் கேட்பது ஒன்றே: ஏதோ பெயர் தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எங்களை அணைத்துவிடாதீர்கள், கிறிஸ்துமஸ் மாதிரி ஒரு பெயருள்ள நாளில், ஒரு கௌரவத்தோடு இறங்க விடுங்கள். கடைசியில் செப்டம்பர் 29, மிக்கேல்மஸ் என்று பேசி முடிக்கிறார்கள். தோல்வியைப் பேரம் பேசி ஒரு நல்ல நாள் வாங்கிக்கொண்டு திரும்பும் அந்தக் கிழவர்களை என்னால் மறக்க முடியவில்லை.

ஆர்கன் முதலில் ஒலித்த ஞாயிறு. பழைய வாத்தியக்காரர்கள் மேல்மாடத்தை விட்டுக் கீழே, குடும்பத்தோடு ஜனங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் வில்லும் வாத்தியமும் பிடித்த கைகள். இப்போது அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஹார்டி இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துபோகிறார். வேறு எழுத்தாளராக இருந்தால் இரண்டு பக்கம் அழ வைத்திருப்பார்.

அந்த ஆர்கனை வாசிப்பவள் டிக்கின் காதலி. தாத்தாவின் செலோவை வீட்டுக்கு அனுப்பியது பேரனின் காதல் கிட்டும் கைதான். 'ஸ்வீட்' கதைகளில் காதல் எல்லாப் புண்ணையும் ஆற்றும். இங்கே காதல்தான் புண்ணை உண்டாக்குகிறது, அதுவும் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலே.

ஹார்டியின் சொந்த வாழ்க்கையைக் கொஞ்சம் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் ஆழமாகிறது. 1870-இல் கோயில் திருப்பணிக்காகக் கட்டடக் கலைஞராகக் கார்ன்வாலின் செயின்ட் ஜூலியட் என்ற ஊருக்குப் போனார். அங்கே போதகரின் மைத்துனி எம்மா கிஃபர்டைச் சந்தித்துக் காதல் கொண்டார், 1874-இல் மணந்தார். அந்த எம்மா அந்தக் கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். அதாவது, இந்த நாவலை எழுதும்போது ஹார்டியின் ரத்தத்தில் தாத்தாவின் செலோ, மனசில் காதலியின் ஆர்மோனியம். இரண்டில் எதையும் அவரால் குற்றம் சொல்ல முடியாது. அதனால்தான் இதில் வில்லன் இல்லை.

சொல்லாத ரகசியம்

இப்போது, ஆரம்பத்தில் சொன்ன அந்த 'ஒன்று'.

ஃபேன்ஸியின் அப்பா ஜெஃப்ரி டே, காட்டுக் காவலர். மகள் கல்யாணத்துக்கென்று அவர் வீட்டில் எல்லாச் சாமானும் இரண்டிரண்டு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கடிகாரம்கூட இரண்டு! நம்மூர்ப் பெண்ணைப் பெற்றவர்கள் எவர்சில்வர் சேர்ப்பதைப் போல. படித்த பெண்ணை வண்டிக்காரர் மகனுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. ஃபேன்ஸி சோறு தண்ணி இறங்காதவள் போல நடித்து அவர் மனசை இளக்குகிறாள். டிக்குக்கும் அவளுக்கும் நிச்சயமாகிவிடுகிறது.

ஆனால் அதே ஆர்கன் ஞாயிறு மாலை, ஒரு நண்பனின் சவ அடக்கத்துக்குப் போய் மழையில் தொப்பலாக நனைந்து டிக் வந்து போன கொஞ்ச நேரத்தில், போதகர் மேபோல்ட் குடையோடு வந்து தன்னை மணக்கக் கேட்கிறார். பியானோ, வண்டி, மரியாதை, வேறு ஊர். ஃபேன்ஸி ஒரு கணம் தடுமாறிச் சரி என்று சொல்லிவிடுகிறாள். நிச்சயமானதை அவரிடம் சொல்லவே இல்லை. மறுநாள் காலை டிக்கின் வாயாலேயே போதகருக்கு உண்மை தெரிகிறது. ஃபேன்ஸியும் அதே நேரம் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதிவிடுகிறாள். போதகர் கண்ணியமானவர். விலகிக்கொள்கிறார், டிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு, அவன் மன்னிப்பான் என்று மட்டும் எழுதுகிறார்.

அவள் சொல்லவில்லை. கல்யாணம் நடக்கிறது. மரத்தடியில் ஆட்டம், பாட்டு. இரவில் வண்டியில் போகும்போது டிக், நமக்குள் ரகசியமே கிடையாது என்று பூரிக்கிறான். பாட்டுக்காரப் பறவையான நைட்டிங்கேல் எங்கோ கூவுகிறது. ஃபேன்ஸி தன் ரகசியத்தை நினைத்துக்கொள்கிறாள். முற்றும்.

என் பேத்தி இந்த முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. "சொல்லியிருக்கணும் தாத்தா. சொல்லாம எப்படி அதை ஸ்வீட்னு சொல்றது?" அவள் படித்த கதைகளில் மறைத்தது வெளிவந்து மன்னிக்கப்பட்ட பிறகே மணியோசை. அந்த மரபின் நோக்கில் அவள் கேட்டது நியாயம். பாவ அறிக்கையும் மன்னிப்பும் கிறிஸ்தவத்தின் உயிர்நாடி. போதகர் தந்த அறிவுரையும் அதுவே.

ஆனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். ஃபேன்ஸி செய்தது சரி என்று ஹார்டி சொல்லவில்லை, தண்டிக்கவும் இல்லை. மேல்மாடத்து முதியவர்கள் தங்கள் வலியை விழுங்கிக்கொண்டு அவள் வாசித்த ஆர்கனைக் கேட்டார்களே, அதற்கு இது மறுபக்கம். இந்த ஊரின் இனிமை, பலபேர் பலதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதில் நிற்கிறது. அந்த இனிமைக்கு ஒரு விலை இருக்கிறது என்று காட்டிவிட்டு, விலை அதிகமா குறைவா என்று நம்மையே முடிவு செய்யச் சொல்கிறார். பின்னால் 'டெஸ்' நாவலில் ஒரு பெண் தன் ரகசியத்தைக் கல்யாண இரவில் கணவனிடம் சொல்லிவிடுகிறாள், வாழ்க்கை நொறுங்குகிறது. அந்தப் பெரிய சோகத்தின் கருவை இந்தச் சிரித்த முகக் கதையின் கடைசி வரியில் நான் காண்கிறேன்.

குறை சொல்லாமல் முடித்தால் விமரிசனம் ஆகாது. கிராமத்தாரை வைத்துச் சிரிப்பு மூட்டும்போது சில இடங்களில் ஹார்டி, பட்டணத்து வாசகர்களுக்குக் கண்ணைச் சிமிட்டுகிறார். அறிவு வளராத லீஃப் என்ற பையனை வைத்து வரும் சிரிப்பு இன்று உறுத்துகிறது. ஃபேன்ஸியையும் அடிக்கடி கண்ணாடி பார்க்கும் பெண்ணாகவே காட்டிவிடுகிறார். படித்துத் தன் காலில் நிற்கும் ஆசிரியையின் மனசு போதுமான அளவு திறக்கப்படவில்லை. இந்த வாத்தியக்காரர்களை இவ்வளவு விளையாட்டாகக் கையாண்டிருக்க வேண்டாம் என்ற பொருளில் 1912-இல் ஹார்டியே முன்னுரையில் ஒரு குறிப்பைச் சேர்த்தார். தன் புத்தகத்தைத் தானே திருத்திப் பார்த்த நேர்மை அது.

பெட்டி நம்ம ஊருக்கு வந்த கதை

ஒரு விசித்திரம். வயலின் இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில்களை விட்டு இறங்கிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டியே, அது நம் கர்நாடக சங்கீதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டிருந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதை நம் இசைக்கு வசப்படுத்தினார்கள். அங்கே வண்டிக்காரர் வீட்டுப் பரணுக்குப் போனது, இங்கே கச்சேரி மேடைக்கு வந்தது.

வயலினைத் துரத்திய ஆர்மோனியமும் நம்மிடம்தான் வந்தது. 1842-இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற அந்தக் கால்துருத்திப் பெட்டியைத் தரையில் உட்கார்ந்து கையால் வாசிக்கும்படி மாற்றியவர் என்ற பெருமை, நம் கொல்கத்தாவின் துவாரகாநாத் கோஷுக்குத்தான் பொதுவாகத் தரப்படுகிறது. பிறகு 1940-இல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்து, 1971-இல்தான் தடையைத் தளர்த்தியது. மெல்ஸ்டாக் கிழவர்களுக்கு இது தெரிந்திருந்தால், நமக்கும் ஆள் இருக்கு என்று மகிழ்ந்திருப்பார்கள்!

நம் கைகள்

இத்தனையும் ஏன் நம் சங்க மலரில்? காரணம் இருக்கிறது.

ஹார்டியின் 1896 முன்னுரையில் ஒரு கணக்கு வருகிறது. வாத்தியக் குழு இருந்த காலத்தில் ஆறு முதல் பத்துப் பேர் வாசித்தார்கள். அவர்களோடு பாடகர்கள், அவர்கள் குடும்பங்கள் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை மேல் அக்கறை. ஆர்கன் வந்ததும் ஒரே ஆள் போதும் என்றாயிற்று. இசை ஒருவேளை மேம்பட்டிருக்கலாம். கோயில் மேல் ஜனங்களுக்கு இருந்த பிடிப்பு போய்விட்டது.

நம் சங்கத்தில் பொங்கல் விழா நாடகத்துக்கு ஒரு மாதம் முன்பே ஒத்திகை தொடங்கிய காலம் எனக்கு நினைவிருக்கிறது. ஆபீஸ் முடிந்து டிராமில் வந்து இறங்கி, ஒரு டம்ளர் காபியோடு வசனம் பேசிப் பார்ப்போம். ஆர்மோனியம் வாசித்தவர் ரயில்வே குமாஸ்தா. வேஷம் தைத்தது நம் வீட்டுப் பெண்கள். அபசுரம் உண்டு, வசனம் மறப்பதும் உண்டு. இப்போது தமிழ்நாட்டிலிருந்து நல்ல குழுக்களை வரவழைக்கிறோம். சங்கீதம் சுத்தமாக இருக்கிறது, ஒலிபெருக்கி அருமை. நாமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த முடிவை எடுத்த செயற்குழுவில் நானும் இருந்தேன். கையைத் தூக்கினவர்களில் நானும் ஒருத்தன். அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு அந்த ரயில்வே குமாஸ்தாவிடம் ஒரு வார்த்தை சொன்னோமா, ஒரு நல்ல நாள் பார்த்து அவரைக் கடைசியாக வாசிக்கச் சொன்னோமா என்றால், இல்லை. ஒரு வருஷம் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மறு வருஷம் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு.

பல வருஷம் கழித்து ஹார்டியை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் அந்தக் கைகள் எனக்குத் தெரிந்தன.

பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் வீட்டுல அந்த ஆர்மோனியம் இன்னும் இருக்குமா தாத்தா?" என்று கேட்டாள். இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். அவர் இல்லை, பெட்டி இருக்கிறது. துருத்தி மட்டும் மாற்ற வேண்டுமாம். வருகிற பொங்கலுக்குள் ஆகிவிடும் என்கிறார்கள்.